போன் போய் இருபது மணி நேரம் ஆகிறது, முதலில் எதைப் பூட்டுவது?

மணல்வீடு · வெள்ளி, மாலை 3.10

நேற்று மாலை ஏழு மணி வாக்கில் நெரிசலான பஸ்ஸில் வந்தேன். இறங்கிப் பார்த்தால் கைப்பையின் ஜிப் திறந்து கிடக்கிறது, போனைக் காணோம். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் போன் வாங்கி என் நம்பருக்கு அடித்தேன். இரண்டு ரிங் போனது, மூன்றாவதில் கட் ஆனது. மறுபடி அடித்தபோது ஸ்விட்ச் ஆஃப்.

ஆண்ட்ராய்ட் போன். ஆறு இலக்க பின் போட்டிருந்தேன், அது யாருக்கும் தெரியாது. அதனால் போன் போனதோடு சரி, உள்ளே யாரும் நுழைய முடியாது என்று நினைத்து அழுதுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் என் சித்தி மகள் என் கணவருக்குப் போன் செய்தாள். "அத்தான், அக்கா ராத்திரி வாட்ஸப்ல பணம் கேட்டாளா? என்னையே 'அக்கா, ரொம்ப அவசரம்'னு கூப்பிட்டு எழுதியிருக்கு." அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். அந்த ஒரு வார்த்தையால்தான் அவள் பணம் அனுப்பவில்லை.

லேப்டாப்பைத் திறந்தால், இரவு 11.47-க்கு என் ஜிமெயில் கடவுச்சொல்லை மீட்க யாரோ முயன்றதாக ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. கை நடுங்குகிறது. பின் போட்ட போனுக்குள் எப்படிப் போனார்கள்? இப்போது எதை முதலில் செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்லுங்கள், யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

கரையோரம் · வெள்ளி, மாலை 3.18

சகோதரி, முதலில் ஒன்று: லேப்டாப்பில் எந்தக் கணக்கிலிருந்தும் லாக் அவுட் செய்யாதீர்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் அந்த லேப்டாப்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே சாவி.

அவர்கள் உங்கள் போனுக்குள் போகவில்லை என்றே நினைக்கிறேன். சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டிருப்பார்கள். பின் பூட்டுவது போனை மட்டும்தான். சிம்முக்குத் தனிப் பூட்டு போடாவிட்டால் அது எந்தப் போனிலும் வேலை செய்யும், உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும்.

உங்கள் கணவர் போனிலிருந்து இப்போதே மொபைல் நிறுவனத்துக்கு அடித்து சிம்மை முடக்கச் சொல்லுங்கள். அவர் லைனில் காத்திருக்கும்போதே நீங்கள் லேப்டாப்பில் ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். தற்காலிகமாக மீட்பு எண்ணுக்குக் கணவர் எண்ணைக் கொடுங்கள். ஜிமெயில் அமைப்புகளில், மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பும் ஃபார்வர்டிங்கோ கண்ணில் படாமல் ஒதுக்கும் ஃபில்டரோ உங்களுக்குத் தெரியாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் கடிதம் வந்து விழும் இடம் அந்த மெயில். அது போனால் எல்லாம் போகும். முடித்துவிட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

விடியல் · வெள்ளி, மாலை 3.24

நான் வங்கியில் வேலை செய்கிறேன். கணவரிடம் இரண்டாவது போன் இருந்தால் வங்கிக்கும் இப்பவே கூப்பிடுங்கள். "போன் திருட்டுப் போய்விட்டது, சிம் வேறொருவர் கையில் இருக்கிறது" என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே "போன் தொலைந்தது" என்றால் எதிர்முனையில் இருப்பவருக்கு அவசரம் புரியாது. கார்டு, நெட் பேங்கிங், மொபைல் செயலி மூன்றையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒன்றை நிறுத்தினால் மற்றது தானாக நிற்கும் என்று நினைக்காதீர்கள்.

எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், புகார் எண் என்ன, பேசியவர் பெயர் என்ன, மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளை பணம் சம்பந்தமாகத் தகராறு வந்தால், நீங்கள் எப்போது தகவல் சொன்னீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

கணக்கைப் பார்க்கும்போது இருப்புத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். புதிதாக யாராவது பணம் பெறுபவராகச் சேர்க்கப்பட்டிருக்கிறாரா, தினசரி வரம்பு கூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணம் போவதற்கு முன்னால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

மணல்வீடு · வெள்ளி, மாலை 4.31

சிம் முடங்கியது. இருபத்தைந்து நிமிடம் லைனில் நின்றோம். உறுதிப்படுத்த ஓடிபி அனுப்புகிறோம் என்றார்கள், திருட்டுப் போன அதே நம்பருக்கு! இரண்டு முறை அதையே சொன்னார்கள். கடைசியில் என் பிறந்த தேதி, முகவரி, கடைசியாக ரீசார்ஜ் செய்த நாள் எல்லாம் கேட்டு முடக்கினார்கள்.

ஜிமெயில் கடவுச்சொல் மாற்றினேன். சாதனங்களின் பட்டியலில் என் திருட்டுப் போன போனும் லேப்டாப்பும்தான் இருக்கின்றன, புதிதாக யாரும் இல்லை. வங்கிக்கும் சொல்லியாயிற்று, பணம் எதுவும் போகவில்லை. இப்போதுதான் மூச்சு வருகிறது.

ஆனால் வாட்ஸப்பில் அவன் இன்னும் என் பெயரில் பேசிக்கொண்டிருக்கிறான். சிம்மை முடக்கிய பிறகும்!

தூறல் · வெள்ளி, மாலை 4.40

அக்கா விஷயத்துல சிம்மை முதல்ல முடக்கினது சரி. ஆனா இதைப் படிக்கிற எல்லாரும் "சிம் தான் முதல்"னு எடுத்துக்காதீங்க. போன் இப்பதான் போச்சு, இன்னும் ஆன்ல இருக்குன்னா முதல்ல போனைப் பூட்டணும். ஏன்னா சிம்மை முடக்கின அடுத்த நிமிஷம் அந்தப் போனுக்கு டேட்டா கிடையாது. வைஃபையும் இல்லைன்னா நீங்க அனுப்புற பூட்டு, அழிப்பு எந்தக் கட்டளையும் அதுக்குப் போய்ச் சேராது.

ஆண்ட்ராய்ட்ல ரிமோட் லாக்னு ஒரு பக்கம் இருக்கு. உங்க நம்பரை மட்டும் கொடுத்தா போதும், லாகின் வேண்டாம், திரை பூட்டிக்கும். ஆனா அதை முன்னாடியே ஆன் பண்ணி வச்சிருக்கணும், போனும் நெட்ல இருக்கணும். ஐபோன்ல ஐகிளவுட் தளத்தோட ஃபைண்ட் பக்கத்துக்குக் கடவுச்சொல் மட்டும் போதும், ரெண்டாவது குறியீடு கேட்காது. தொலைஞ்சு போன போனுக்கே குறியீடு போனா என்ன பண்றதுன்னு யோசிச்சுத்தான் அப்படி வச்சிருக்காங்க.

கரையோரம் · வெள்ளி, மாலை 4.52

தூறல் சொல்வது நியாயம், ஆனால் ஒரு எல்லை வைக்கிறேன். போன் போன முதல் பத்து நிமிடம் என்றால், இன்னொருவர் போனை வாங்கி முதலில் பூட்டுங்கள், உடனே சிம்மை முடக்குங்கள். பூட்டும் முயற்சிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கடவுச்சொல் நினைவுக்கு வரவில்லை, பக்கம் திறக்கவில்லை என்று அரை மணி நேரம் போராடுவதற்குள் சிம் வேறு போனுக்குப் போய்விடும். அடித்தால் ஸ்விட்ச் ஆஃப் என்று வருகிறதா, யோசிக்கவே வேண்டாம், சிம்தான் முதல்.

மணல்வீடு, வாட்ஸப் விஷயம் இப்படி. பதிவு செய்யும் நேரத்தில் மட்டும்தான் அதற்கு சிம் வேண்டும். பதிவான பிறகு வைஃபையில் ஓடிக்கொண்டே இருக்கும். அவனை வெளியே தள்ள நேர் வழி, அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்கி, வேறு போனில் உங்கள் எண்ணைப் பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டைப் போடுவதுதான். போட்ட கணமே அவன் வெளியே.

அவன் டூ ஸ்டெப் பின் (எஸ்எம்எஸ் குறியீட்டுக்குப் பிறகு இரண்டாவதாகக் கேட்கும் பூட்டு எண்) ஒன்றைப் போட்டு வைத்திருந்தால் உங்களிடம் அதைக் கேட்கும். தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் குறியீட்டைப் போட்டதிலேயே அவனும் வெளியேறியிருப்பான், அந்த 7 நாளும் அவனால் உங்கள் பெயரில் எழுத முடியாது. டூப்ளிகேட் சிம் இன்று கிடைக்காது என்றால், வாட்ஸப் உதவி மின்னஞ்சலுக்கு நாட்டுக் குறியீட்டோடு உங்கள் எண்ணைக் குறிப்பிட்டு, திருட்டுப் போனதால் கணக்கை முடக்கும்படி எழுதுங்கள். முடக்கினால் 30 நாளுக்குள் திரும்பப் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு அழிந்துவிடும்.

பழைய உரையாடல்கள் அவனுக்குத் தெரியும் என்று பயப்படாதீர்கள். பேக்கப் கிடைக்காமல் புதுப் போனில் பதிந்தால் பழைய செய்தி எதுவும் வராது. ஆனால் நீங்கள் இருக்கும் குழுக்கள் வந்துவிடும். சித்தி மகள் எண்ணை அவன் குடும்பக் குழுவிலிருந்துதான் எடுத்திருப்பான். எனவே குழு நிர்வாகி யாரோ அவரிடம் சொல்லி, உங்கள் எண்ணை எல்லாக் குழுவிலிருந்தும் இப்போதே நீக்கச் சொல்லுங்கள்.

மணல்வீடு · வெள்ளி, மாலை 5.05

நீக்கச் சொல்லிவிட்டேன். மூன்று குழு. ஒவ்வொருவருக்கும் கணவர் போனிலிருந்து நானே பேசுகிறேன். செய்தியாக அனுப்பினால் அதையும் நம்ப மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

பழையதாழ் · வெள்ளி, இரவு 8.20

தங்கச்சி, நான் பதினஞ்சு வருஷமா போன் ரிப்பேர் பண்றவன். இனிமே என்ன நடக்கும்னு சொல்றேன், தயாரா இருங்க.

பூட்டின போனைத் திருடினவனால அப்படியே விக்க முடியாது. ஐபோன்ல 2013லிருந்து ஆக்டிவேஷன் லாக் இருக்கு, அழிச்சாலும் பழைய ஆப்பிள் கணக்கைக் கேட்கும். ஆண்ட்ராய்ட்ல அழிச்சுத் திறந்தாலும் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அப்ப அவனுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு, பிரிச்சு உதிரி பாகமா விக்கணும். இல்லைன்னா உங்ககிட்ட இருந்தே சாவியை வாங்கணும்.

அந்த ரெண்டாவது வழிக்கு உங்க கணவர் நம்பருக்கோ புது சிம்முக்கோ ஒரு செய்தி வரும். "உங்கள் தொலைந்த போன் கிடைத்துவிட்டது, இருக்கும் இடத்தைப் பார்க்க இங்கே அழுத்தவும்"னு இருக்கும். அழுத்தினா அச்சு அசல் கம்பெனிப் பக்கம் மாதிரியே திறந்து கடவுச்சொல்லோ பின்னோ கேட்கும். ஒரு அம்மா என் கடையில உக்காந்து அப்படி ஒரு செய்தியைக் காட்டினாங்க. அவங்க போனோட மாடல், கலர் எல்லாம் சரியா எழுதியிருந்தான். எப்படித் தெரியாம இருக்கும், போன் அவன் கையிலதானே இருக்கு! "அய்யா, கிடைச்சிருச்சாம்"னு அந்த முகத்துல வந்த சந்தோஷத்தை என்னால மறக்க முடியல. ஏற்கெனவே பின்னைப் போட்டு முடிச்சுட்டுத்தான் என்கிட்ட காட்டினாங்க.

அதனால ரெண்டு விஷயம். அந்த மாதிரி எந்த லிங்கையும் தொடாதீங்க. போன் எங்க இருக்குன்னு பாக்கணும்னா நீங்களே லேப்டாப்ல போய்ப் பாருங்க. அடுத்தது, "இந்தப் போனைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள், திருப்பித் தருகிறோம்"னு யாராவது பேசினா செய்யவே செய்யாதீங்க. ஐபோன்ல அப்படி நீக்கினா பூட்டு கழண்டுரும், புதுப் போன் மாதிரி வித்துருவான்.

டூப்ளிகேட் சிம் வந்ததும் *#21# அடிச்சுப் பாருங்க. உங்களுக்கு வர்ற எல்லாக் காலையும் வேற நம்பருக்குத் திருப்பி விட்டிருந்தா அதுல காட்டும். ##002# அடிச்சா எல்லாத் திருப்பலும் ரத்தாகும். அந்த ராத்திரி சிம் அவன் கையில இருந்திருக்கு, பாத்துக்கறது நல்லது.

நெல்லிமரம் · வெள்ளி, இரவு 9.15

போன வருடம் அப்பா போனைத் திருடிவிட்டார்கள். அவருடைய ஏடிஎம் பின் ஒரு சின்னத் தாளில் எழுதி போன் கவரின் உள்பக்கம் மடித்து வைத்திருந்திருக்கிறார். கார்டும் அதே கவருக்குள். எங்களுக்கே அன்றுதான் தெரியும். தெரிந்ததும் முதல் வேலையாகக் கார்டை நிறுத்தினோம்.

அதனால் சொல்கிறேன், மணல்வீடு. ஒரு தாளை எடுத்து, போனில் என்னென்ன இருந்தது என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். செயலிகளை மட்டுமல்ல. கேலரியில் அடையாள அட்டையின் படம், குறிப்புகளில் எழுதி வைத்த கடவுச்சொல், கான்டாக்டில் ஏதோ ஒரு பெயரில் ஒளித்து வைத்த பின் எண். எல்லோர் போனிலும் இதில் ஒன்றாவது இருக்கும். மெமரி கார்டு போட்டிருந்தீர்களா? பெரும்பாலான போன்களில் அதை வெளியே எடுத்து எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் படங்கள் அப்படியே திறக்கும்.

எனக்கு ஒரு கேள்வியும் உண்டு. அப்பா போனை உடனே அழிக்கச் சொன்னார்கள். அழித்தோம். அம்மா இருந்த கடைசி வருடத்துப் படங்கள் அதில்தான் இருந்தன, பேக்கப் இல்லை. அவசரப்பட்டுவிட்டோமோ என்று இன்றும் நினைக்கிறேன். அழிப்பது அவ்வளவு அவசியமா?

பழையதாழ் · வெள்ளி, இரவு 9.48

உங்க கேள்வி மனசைப் பிசையுது. உண்மையைச் சொல்றேன். நீங்க அழிக்காம விட்டிருந்தாலும் அந்தப் போன் திரும்பி வராம படம் திரும்பி வராது. உங்க கையால இழந்ததா நினைக்காதீங்க.

மத்தவங்களுக்காகச் சொல்றேன். இப்ப வர்ற போன்ல உள்ளே இருக்கறது எல்லாம் குறியாக்கம் ஆகித்தான் இருக்கும். திரைப் பூட்டு தெரியாதவனுக்கு நினைவகத்தைக் கழட்டினாலும் ஒண்ணும் கிடைக்காது. நல்ல ஆறு இலக்க பின், யாரும் பாக்கலைன்னா ஒரு நாள் பொறுக்கலாம். லேப்டாப்ல போய்ப் படங்கள் பேக்கப் ஆகியிருக்கான்னு பாத்துட்டு அழிங்க. ஆனா 1234, பிறந்த தேதி, திரையில எண்ணெய்க் கறையாத் தெரியற பேட்டர்ன், இல்லை நீங்க பின் போடறப்ப பின்னாடி ஒருத்தன் நின்னான்னு சந்தேகம், இதுல எது இருந்தாலும் உடனே அழிங்க.

ஆண்ட்ராய்ட்ல அழிச்சதுக்கு அப்புறம் இடம் காட்டாது. அதனால கடைசியா காட்டின இடத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு அழிங்க. போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் கட்டளையைக் கொடுத்து வைக்கலாம், அது எப்ப நெட்டுக்கு வருதோ அப்ப அழியும். மெமரி கார்டு மட்டும் அழியாம தப்பிக்கலாம், அதை நம்பாதீங்க.

மணல்வீடு · சனி, காலை 10.35

மெமரி கார்டு போடவில்லை. கேலரியில் என் அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் இரண்டும் இருந்தன. கணவரின் கார்டு படமும் ஒன்று, எப்போதோ அனுப்பச் சொல்லி அனுப்பியது. அந்தக் கார்டையும் இன்று நிறுத்திவிட்டோம். படங்கள் எல்லாம் பேக்கப்பில் இருப்பதைப் பார்த்த பிறகு அழிக்கும் கட்டளை கொடுத்தேன். "சாதனம் இணையத்துக்கு வரும்போது அழிக்கப்படும்" என்று நிற்கிறது.

போலீஸில் புகார் கொடுத்தேன். ஐஎம்இஐ எண் கேட்டார்கள், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண். நல்லவேளை, போன் வந்த பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. பெட்டியின் பக்கத்தில் 15 இலக்கம் அச்சாகியிருந்தது.

டூப்ளிகேட் சிம் கிடைத்தது. வாட்ஸப்பில் ஆறு இலக்கம் போட்டேன். கரையோரம் அண்ணா சொன்னது போலவே அவன் பின் போட்டு வைத்திருக்கிறான். 7 நாள். ஆனால் அவன் வெளியே போய்விட்டான்.

டெலிகிராமில் மட்டும் சந்தேகம். லேப்டாப்பில் அது திறந்திருக்கிறது. என்ன செய்ய?

கரையோரம் · சனி, காலை 10.50

அமைப்புகளில் சாதனங்கள் பகுதிக்குப் போய், மற்ற எல்லா அமர்வையும், அதாவது வேறு சாதனங்களில் உங்கள் கணக்கு திறந்திருப்பதை, முடித்துவிடுங்கள். டெலிகிராமில் புதிதாக நுழைந்த ஒருவரால் 24 மணி நேரத்துக்குப் பழைய அமர்வுகளை வெளியேற்ற முடியாது. உங்கள் லேப்டாப் பழையது, அதனால் கை உங்களுடையது. அங்கேயே டூ ஸ்டெப் கடவுச்சொல்லும் போட்டுவிடுங்கள். இனி எஸ்எம்எஸ் மட்டும் வைத்துக்கொண்டு யாரும் நுழைய முடியாது.

பிறகு கூகுள் கணக்கில் பேக்கப் குறியீடுகள் பத்து கொடுப்பார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு முறைதான் செல்லும். அச்செடுத்து வீட்டில் பத்திரமாக வையுங்கள். அதைப் படம் எடுத்துப் போனில் வைத்தால் பயனே இல்லை. எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் போனிலேயே குறியீடு காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். போன் போனால் அந்தச் செயலியும் சேர்ந்து போகிறது, அன்றைக்கு உள்ளே நுழைய இந்தத் தாள்தான் துணை.

தூறல் · சனி, காலை 11.20

புதுப் போன் வாங்கினதும் அக்கா, முதல்ல சிம் பின் போடுங்க. இது மட்டும் இருந்திருந்தா அன்னிக்கு ராத்திரி எதுவுமே நடந்திருக்காது. சிம்மை வேற போன்ல போட்டா பின் கேட்கும், மூணு தடவை தப்பாப் போட்டா பூட்டிக்கும், அப்புறம் அதைத் திறக்க கம்பெனி தர்ற பியூகே எண் வேணும். அதையும் பத்து தடவை தப்பாப் போட்டா சிம்மே செத்துரும். முதல் தடவை ஆன் பண்றப்ப கம்பெனி கொடுத்த பழைய பின்னைக் கேட்கும், குத்துமதிப்பா அடிக்காதீங்க. சிம் வந்த அட்டையில இருக்கும், இல்லைன்னா அவங்ககிட்டயே கேளுங்க.

அப்புறம் பூட்டின திரையில செய்தியோட உள்ளடக்கம் தெரியாத மாதிரி மாத்துங்க. சிம்மைக் கழட்டாமலே, பூட்டைத் திறக்காமலே ஓடிபியைப் படிச்சுடலாம், அவ்வளவு பேர் போன் அப்படித்தான் இருக்கு. ஆண்ட்ராய்ட்ல திருட்டுக் கண்டறியும் பூட்டுன்னு ஒண்ணு வந்திருக்கு. கையிலிருந்து பிடுங்கிட்டு ஓடினா அசைவை வச்சே திரையைப் பூட்டப் பாக்கும். ஐபோன்னா 17.3 பதிப்பில இருந்து ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன். வீடு மாதிரி பழக்கமான இடத்தை விட்டு வெளியில கணக்குக் கடவுச்சொல்லை மாத்தணும்னா முகமோ விரலோ கேட்கும், ஒரு மணி நேரம் காக்க வைக்கும், திரும்பவும் கேட்கும். பின்னைப் பாத்து வச்சுக்கிட்டுப் பிடுங்கறவனுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தடை.

விடியல் · சனி, மதியம் 12.05

அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் போனில் இருந்தது பற்றி ஒரு வார்த்தை. நல்ல பின் இருந்ததால் அவன் கைக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் அடுத்த சில மாதம் உங்கள் பெயரில் கடன் விண்ணப்பம் எதுவும் பதிவாகிறதா என்று கடன் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருங்கள். புகாரின் நகல் பத்திரம். நீங்கள் கேட்காத கடனுக்கு யாராவது கூப்பிட்டால், பேசுவதற்கு முன் நகலைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

மணல்வீடு · சனி (அடுத்த வாரம்), இரவு 7.40

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய் அன்று பழையதாழ் அண்ணன் சொன்ன அதே செய்தி கணவர் போனுக்கு வந்தது. போன் கிடைத்துவிட்டதாம், லிங்க் ஒன்று. மாடல் பெயர் சரியாக இருந்தது. நீங்கள் முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் நான் அழுத்தியிருப்பேன், சத்தியமாக அழுத்தியிருப்பேன். படம் எடுத்துப் போலீஸ் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை ஒரே ஒரு முறை போன் இணையத்துக்கு வந்தது. வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கணவர் நேரில் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினார், நான் விடவில்லை. புள்ளியைப் போலீஸிடம் கொடுத்தோம். அழிக்கப்பட்டதாக அன்று மாலையே காட்டிவிட்டது.

*#21# அடித்துப் பார்த்தேன், திருப்பல் எதுவும் இல்லை. சிம் பின் போட்டாயிற்று. என் மாமியார் போனுக்கும் போட்டேன், அவர் கவருக்குள்ளும் ஒரு தாள் இருந்தது. அதை எடுத்து அவர் பீரோவில் வைத்தேன்.

இன்று காலை 7 நாள் முடிந்து வாட்ஸப் திறந்தது. முதல் வேலையாக எனக்கே ஒரு பின் போட்டேன். பிறகு சித்தி மகளுக்கு "அடி வாலு" என்று மட்டும் எழுதினேன். பதில் எழுதவில்லை அவள். வீடியோ காலில் கூப்பிட்டாள், என் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேசினாள்.